மரத்தில் மிச்சம் வைத்த இருட்டு: பெலிக்ஸ் வலொத்தோனின் போர் அச்சுகள்

ஆறு மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட தொடரின் நான்காவது தாளைக் கையில் எடுத்தால் முதலில் கறுப்பு மட்டும்தான். கண் பழகப் பழக ஒரு கை தென்படுகிறது, ஒரு முகத்தின் பாதி, ஓர் ஆயுதத்தின் மெல்லிய வெளிச்சக்கோடு. எந்தக் கை எந்த உடலுக்கு உரியது என்று பிரித்தறிய நேரம் பிடிக்கிறது. மனிதர்கள் இருட்டில் ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருக்கிறார்கள். படத்தின் பெயர் "இருளில்". ஆண்டு 1916. செதுக்கியவர் பெலிக்ஸ் வலொத்தோன்.

அதைச் செதுக்கியபோது அவர் முதல் உலகப் போரின் முனையைப் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டுதான் பார்த்தார். பார்த்த பிறகு போரைப் பற்றி மரத்தில் இப்படியொரு தொடரை அவர் செய்யவில்லை, தூரிகையைத்தான் எடுத்தார். இந்த வரிசை எனக்கு நெடுநாளாகவே உறுத்தல். நேரில் கண்டவன் சொல்வதற்குத்தான் மதிப்பு என்று நாம் பழகியிருக்கிறோம், போர் விஷயத்தில் இன்னும் கூடுதலாக. அப்படியானால் காணாமல் செதுக்கிய இந்த ஆறு அச்சுகளுக்கு என்ன மதிப்பு? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியோடு அந்த ஆறு தாள்களையும் பார்க்கிறது.

செதுக்கியவரின் முன்கதை

வலொத்தோன் பிறப்பால் சுவிட்சர்லாந்துக்காரர். 1865 டிசம்பர் 28 அன்று லோசான் நகரில் பிறந்தார். 1882இல் பாரிஸ் வந்து அகாதெமி ஜூலியன் என்ற ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1890இல் சிக்ஃபிரீட் பிங் என்ற வணிகர் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் ஜப்பானிய அச்சோவியங்களின் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தினார். அந்தக் காலத்துப் பாரிஸ் ஓவியர்களை உலுக்கிய கண்காட்சி அது. 1891இல் வலொத்தோன் மரச்செதுக்கைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பொனார், வியார் ஆகிய ஓவியர்கள் இருந்த 'நபி' குழுவோடு சேர்ந்தார். (எபிரேய மொழியில் தீர்க்கதரிசியைக் குறிக்கும் சொல் அது, இஸ்லாமிய மரபு வழியாகத் தமிழுக்கு வந்த 'நபி'யும் அதன் உறவுச் சொல்தான்.) 1900இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். இந்தக் கட்டுரையில் அவரைப் பிரெஞ்சுக் கலைஞர் என்று சொல்வதற்கு அது காரணம். அதைவிடப் பெரிய காரணம் 1914இல் அவர் எடுத்த முடிவு.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வன்முறை அவர் மரத்துக்குப் போரோடு வந்த விருந்தாளி இல்லை. 1893இல் "கொலை" என்றொரு அச்சு செய்திருக்கிறார்: ஒரு படுக்கையறை, கட்டில், ஓங்கிய கை, அதைத் தடுக்க முயலும் இன்னொரு கை. கொல்லப்படுகிறவரின் முகம் தெரியாது. அதே ஆண்டு "தாக்குதல்" என்ற அச்சில் பாரிஸ் போலீஸ் கூட்டத்தை அடித்து விரட்டுகிறது. விழுந்தவர்கள் தெருவில் கிடக்கிறார்கள். 1894இல் தலை வெட்டும் கில்லட்டின் மேடைக்கு இழுத்துச் செல்லப்படும் ஒருவனைச் செதுக்கினார். 1902இல் ஒரு பத்திரிகையின் முழு இதழையும் குற்றம், தண்டனை என்ற பொருளில் கல்லச்சுப் படங்களால் நிரப்பினார். தந்தை, ஆசிரியர், காவலர் என்று அதிகாரம் கையில் உள்ளவர்கள் எளியவர்களை அடிக்கும் காட்சிகள் அவை. வலுத்தவன் கை ஓங்கும் அந்த ஒரு நொடி அவர் கண்ணில் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

புதிய நூற்றாண்டு பிறந்ததும் மரச்செதுக்கை ஏறத்தாழக் கைவிட்டு எண்ணெய் ஓவியத்துக்குப் போய்விட்டார். உளி பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓய்வில் கிடந்தது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது அவருக்கு வயது 48. படையில் சேரத் தானாக முன்வந்தார். வயதைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். பாரிசில் இருந்த ஓவியருக்குச் செய்தித்தாள் இருந்தது, படங்கள் அச்சிட்ட வார இதழ்கள் இருந்தன, விடுப்பில் வந்த வீரர்களின் பேச்சு ஊரெங்கும் இருந்தது. துப்பாக்கி கிடைக்காத அவர் 1915இல் மீண்டும் உளியை எடுத்தார்.

உளி போகாத இடமெல்லாம் கறுப்பு

வலொத்தோன் ஏன் எண்ணெய் ஓவியத்தை விட்டு மரத்துக்குத் திரும்பினார் என்பது தொழில்நுட்பம் தெரிந்தால்தான் விளங்கும். ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

மரத்தில் படம் அச்சிட இரண்டு வழிகள் உண்டு. மரத்தைக் குறுக்கே அறுத்து, அதன் வெட்டுமுகத்தில் நுண்ணூசி போன்ற கருவியால் கீறுவது ஒன்று. கெட்டியான அந்த முகத்தில் மயிரிழை போன்ற கோடுகளைக்கூட இழைக்கலாம். 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் அப்படி வந்தவை. பெரும்பாலும் ஓவியர் வரைந்து கொடுப்பார், வேறொரு கைவினைஞர் கீறுவார். சாம்பல் நிறத்தின் எல்லா நிழல்களையும் அதில் கொண்டுவரலாம். மற்றது பழைய வழி: மரத்தை நெடுக்காக அறுத்த பலகை, கத்தி, உளி. இதில் மரத்தின் நார் ஓடும் திசையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். மெல்லிய கோடு சிதறிவிடும். சாம்பல் நிறம் வராது.

வலொத்தோன் இரண்டாவதைத் தேர்ந்தார்; பெரும்பாலும் பேரிக்காய் மரப் பலகை. தானே செதுக்கினார். சாம்பல் வராதது குறை என்று அவர் நினைக்கவில்லை. அதையே தன் மொழியாக்கினார். குறுக்குக் கோடுகளால் நிழல் காட்டும் வழக்கத்தைத் துறந்தார். ஒன்று முழுக் கறுப்பு, இல்லையேல் முழு வெள்ளை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காகிதத்தில் பென்சிலோடு உட்காருகிறவர் முன்னால் இருப்பது வெள்ளை. அவர் இருட்டைக் கொண்டுவருகிறார். மரத்தில் தலைகீழ். செதுக்காத பலகைக்கு மை பூசி அச்சிட்டால் தாள் முழுக்கக் கறுப்பாக வரும். உளி படும் ஒவ்வோர் இடமும் வெளிச்சம். செதுக்குகிறவர் இருட்டிலிருந்து தொடங்கி, எதைக் காட்டலாம் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கிறார். தொடாத இடம் தானாகவே கறுப்பாக நிற்கும். தனக்குத் தெரியாததைக் கற்பனையால் நிரப்பவேண்டிய கட்டாயம் எண்ணெய் ஓவியருக்கு உண்டு. கித்தானின் மூலையைக்கூட ஏதாவது ஒரு நிறத்தால் மூடியாக வேண்டும். மரச்செதுக்கில் தெரியாததை அப்படியே விட்டுவிடலாம். போர்முனையைக் காணாத ஒருவருக்கு இதைவிட நேர்மையான கருவி கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

பெயரில் இருக்கும் தோள்குலுக்கல்

தொடரின் பெயர் "செ லா கேர்!". சொல்லுக்குச் சொல் எடுத்தால் "இது போர்!". ஆனால் பிரெஞ்சுக்காரர் காதில் அது வேறு மாதிரி விழும். அந்த ஆண்டுகளில் கடையில் சர்க்கரை இல்லையா, ரயில் தாமதமா, கடிதம் வரவில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில், தோளைக் குலுக்கிக்கொண்டு: செ லா கேர். நம் வழக்கில் சொன்னால், "போர்க்காலம், என்ன செய்வது?". குறை கேட்டவர் வாயடைத்துப் போவார். அதற்கு மேல் பேச்சு வளராது.

வலொத்தோன் அந்தத் தோள்குலுக்கலைப் பிடித்து நிறுத்தி, பின்னால் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டு, முள்கம்பியில் தொங்கும் பிணங்களின் மேல் தலைப்பாக வைத்தார். அன்றாடம் அலட்சியமாக உதிரும் சொல்லை எடுத்து, அதைச் சொன்னவர்கள் முன்னாலேயே விரித்துக் காட்டுகிறார். இந்தப் பெயரைத் தமிழில் "இதுதான் போர்" என்று மொழிபெயர்த்தால் அறிவிப்புதான் வரும். உள்ளே இருக்கும் அலுப்பு போய்விடும். மொழிபெயர்க்காமல் விட்டிருப்பதற்கு அதுவே காரணம்.

அதே 1915இல் பிரான்சில் மரச்செதுக்கு மரபு வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. எபினால் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் பழைய மக்கள் அச்சுகள், பளிச்சென்ற நிறங்களும் பிரான்சின் சின்னமான சேவலும் கொடியுமாக, நாட்டுப்பற்று ஊட்டப் புத்துயிர் பெற்றன. ரவுல் டுஃபி போன்ற புதுக்கால ஓவியர்களே அந்தப் பாணியில் நேச நாடுகளைப் போற்றி அச்சுகள் செய்தார்கள். வலொத்தோனும் போரை எதிர்த்தவர் இல்லை. படையில் சேர விரும்பியவர். ஆனால் அவர் அச்சில் நிறம் இல்லை, கொடி இல்லை.

ஆறு தாள்களும் ஒரே தரமல்ல

1915, 1916 ஆகிய இரு ஆண்டுகளில் ஆறு அச்சுகள். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம். மடியில் வைத்துப் பார்க்கும் அளவு. 1916இல் அவரே 100 தொகுதிகளாக வெளியிட்டார்.

முதலாவது "பதுங்குகுழி". இங்கே வெடிப்புதான் கண்ணை நிறைக்கிறது. மனிதன் அதற்கு முன்னால் கணக்கிலேயே வரவில்லை. பழைய போர் ஓவியங்களில் தளபதி குதிரை மேல் இருப்பார், கொடி பறக்கும், யார் வெல்கிறார் என்று தெரியும். 1915இன் போரில் பல மைல்களுக்கு அப்பாலிருந்து பீரங்கி சுடுகிறது. சுட்டவன் செத்தவனைப் பார்ப்பதே இல்லை. அந்த மாற்றத்தை முதல் தாளிலேயே பிடித்துவிட்டார்.

இரண்டாவது "களியாட்டம்". சூறையாடிய இடத்தில் ஜெர்மன் வீரர்கள் குடித்துக் கிடக்கிறார்கள். எனக்கு இந்த ஆறில் பிடிக்காத தாள் இது, ஏன் என்று சொல்ல வேண்டும். 1914இல் பெல்ஜியத்திலும் வடபிரான்சிலும் ஜெர்மன் படைகள் செய்தது கட்டுக்கதை இல்லை. ஆகஸ்ட் 23 அன்று தினான் நகரில் மட்டும் 674 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 25 இரவில் லூவன் பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. படையெடுப்பின் முதல் மாதங்களில் இரு நாடுகளிலும் ஏறத்தாழ 6,500 பொதுமக்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கொடுமை மெய். ஆனால் "களியாட்டம்" அந்த மெய்யைத் தொடவில்லை. குடிகார எதிரி என்ற பாத்திரம் அன்றைய பாரிஸ் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த பாத்திரம். வலொத்தோன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தினானில் சுட்டவர்கள் போதையில் உளறிய கும்பல் இல்லை. ஆணைக்குக் கீழ்ப்படிந்து வரிசையாக நின்று சுட்டவர்கள். அதுதான் பயங்கரம். எதிரியைக் குடிகாரனாக வரைந்தால் பார்க்கிறவனுக்கு ஓர் ஆறுதல் கிடைத்துவிடுகிறது: நான் அப்படிப்பட்டவன் இல்லை.

கையின் திறமை இந்தத் தாளிலும் குறையவில்லை. குறைந்தது வேறு. எல்லாம் தெரியும் என்ற உறுதியோடு செதுக்கியிருக்கிறார்; ஆகவே கேட்டது மட்டும்தான் வந்திருக்கிறது.

மூன்றாவது தாளில் அந்த உறுதி போய்விடுகிறது. "முள்கம்பி". கறுப்புக்குக் குறுக்கே கம்பிகள், அவற்றில் சிக்கிய உடல்கள். முள்கம்பி பண்ணைகளில் மாடு தாண்டாமல் இருக்கக் கண்டுபிடித்த பொருள். 1870களில் அமெரிக்காவில் பரவிய அந்தச் சரக்கு நாற்பது ஆண்டுகளில் மனிதரைத் தடுத்து நிறுத்திக் கொல்லும் வேலைக்கு வந்தது. தாக்கப் போனவர்கள் கம்பியில் மாட்டினால் மீட்க வருகிறவனுக்கும் அதே கதி. உடல்கள் நாட்கணக்கில் அங்கேயே தொங்கும். இதைச் செதுக்க உளியைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கம்பியைக் காட்டப் பலகையில் ஒரு கீறல் போதும். கையின் ஒவ்வொரு இழுப்பும் ஒரு கம்பி. அந்தக் கை சற்றும் நடுங்கவில்லை. உடல்கள் யாருடையவை என்று அழுத்திச் சொல்லும் அடையாளத்தை என் கண் இந்தத் தாளில் தேடவே இல்லை. முந்தைய தாளில் பார்த்ததும் தெரிந்தது.

நான்காவதைத்தான் முதலிலேயே சொன்னேன். "இருளில்" என்ற பெயரே அவர் நிலையையும் சொல்லிவிடுகிறது. இரவுத் தாக்குதலில் பதுங்குகுழிக்குள் இறங்கியவனுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் மூச்சு, ஒரு மின்னல், ஒரு கை. பாரிசில் இருக்கும் ஓவியருக்கு அங்கே நடப்பது எவ்வளவு தெரியும்? ஏறக்குறைய அவ்வளவுதான். சண்டையிடுகிறவனின் அறியாமையும் செதுக்குகிறவரின் அறியாமையும் ஒரே கறுப்பில் வந்து சேர்கின்றன. 1893இல் "கொலை" அச்சில் பழகிய அதே இரண்டு கைகள், ஓங்கியதும் தடுப்பதும், இங்கே பெருகி, யாருடையது எது என்று தெரியாமல் பின்னிக் கிடக்கின்றன. அன்று ஒரு கொலைகாரன் இருந்தான். இப்போது குழியில் இருக்கும் எல்லோரும் அதே வேலையைச் செய்கிறார்கள், அரசு ஆணைப்படி. இந்த ஆறில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்றால் நான் இதை எடுப்பேன்.

ஐந்தாவது "காவல் நிற்பவன்", ஆறாவது "பொதுமக்கள்". காவல் நிற்பவன் அமைதியான தாள், பலரும் விரைந்து கடந்துவிடுவது. பதுங்குகுழிப் போரில் தாக்குதல் நாட்கள் குறைவு. காத்திருந்த நாட்களே அதிகம் என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஊகித்திருக்க வேண்டும். தொடரைத் துப்பாக்கி இல்லாதவர்களின் பெயரில் முடித்தது அவர் எண்ணி எடுத்த முடிவு. பீரங்கியில் தொடங்கி ஊர்மக்களிடம் வந்து நிற்கிறது வரிசை.

1917 ஜூன்

தொகுதி வெளிவந்த 1916 முழுக்கப் பிரான்சின் வெர்டன் நகரைச் சுற்றிய களம் எரிந்துகொண்டிருந்தது: பிப்ரவரி 21இல் தொடங்கி டிசம்பர் 18 வரை, இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் இறந்த சண்டை. அடுத்த ஆண்டு பிரெஞ்சு அரசு ஓவியர்களைப் போர்முனைக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்தியது. வலொத்தோன் பெயர் கொடுத்தார். 1917 ஜூனில் சில வாரங்கள் ஷாம்பேன் பகுதிக்குச் சென்றார். ஏப்ரலில் நடந்த பெருந்தாக்குதல் தோற்று, பல பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் முன்னேற மறுத்து நின்ற நாட்களை ஒட்டிய காலம் அது.

மூன்று ஆண்டுகளாகக் காண விரும்பியதை இப்போது கண்டார். சூவேன் கிராமத்துத் தேவாலயம் ஓட்டை விழுந்து நின்றது. ஹுர்லூஸ் என்ற ஊர் இருந்த இடத்தில் சுவர்த் துண்டுகள். அந்த ஊரைப் பின்னாளிலும் யாரும் திரும்பக் கட்டவில்லை. பிரெஞ்சுப் படையின் செனகல் வீரர்கள் முகாமில் காத்திருந்தார்கள். இவற்றையெல்லாம் ஓவியமாகத் தீட்டினார். அவை நல்ல ஓவியங்கள். ஆனால் அவற்றில் ஒரு திகைப்பு இருக்கிறது. வெயில் அடிக்கிறது, வானம் நீலமாக இருக்கிறது, இடிபாடுகள் அழகாகவே நிற்கின்றன. கண் பார்த்ததையெல்லாம் உண்மையாகத் தீட்டியும் போர் அதில் வந்து சிக்கவில்லை.

அவருக்கே அது தெரிந்தது. 1917 டிசம்பரில் கலையும் போரும் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணுக்குத் தெரியும் விளைவுகளைப் படியெடுப்பதைவிட, அவற்றை உண்டாக்கும் விசைகளை வரைந்தால் உண்மைக்கு இன்னும் அருகில் போகலாம், ஆனால் அந்த விசைகளுக்கு உருவம் இல்லை, நிறம் அதைவிட இல்லை என்பது அதில் அவர் சொன்னதன் சாரம். அதே காலத்தில் "வெர்டன்" என்ற எண்ணெய் ஓவியத்தைத் தீட்டினார். இன்று பாரிசில் இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு மனிதன்கூட இல்லை. நிறமேறிய ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாக வானத்தை வெட்டுகின்றன. கீழே புகையும் நெருப்பும்.

அந்தக் கற்றைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூன்றாம் தாளின் கம்பிகள் நினைவுக்கு வருகின்றன. உருவமற்ற விசைக்கு வடிவம் தேடி 1917இல் அவர் அவ்வளவு அலைந்தார். 1916லேயே அதை ஒரு கீறலில் கண்டுபிடித்திருந்தார், போர்முனைக்குப் போகாமலே.

போரைச் செதுக்கிய மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் இவர் இடம் தெளிவாகும். லொரேன் நாட்டு ஜாக் கல்லோ 1633இல் போரின் அவலங்களை 18 செம்புத்தகடுகளில் அரித்தெடுத்தார். மரத்தில் வரிசையாகத் தூக்கிலிடப்பட்டவர்கள் உள்ள தகடு இன்றும் நெஞ்சை அடைக்கும். கல்லோவின் ஊருக்கே போர் வந்தது. ஜெர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் 1914 அக்டோபரில் மகன் பீட்டரைப் பெல்ஜியத்தில் இழந்தார். அந்தத் துயரை மரத்தில் கொண்டுவர அவருக்கு 1922 வரை ஆயிற்று. "போர்" என்ற அந்த ஏழு மரச்செதுக்குகளில் பெற்றோர் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து மண்டியிட்டிருப்பார்கள். இன்னொரு ஜெர்மன் கலைஞர் ஓட்டோ டிக்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு மேல் களத்தில் இருந்துவிட்டு 1924இல் 50 தகடுகள் செய்தார். இவர்கள் எல்லோரும் இழந்து அல்லது கண்டு செய்தவர்கள், பெரும்பாலும் காலம் கடந்து. வலொத்தோன் போர் நடந்துகொண்டிருந்தபோதே, யார் வெல்வார் என்று தெரியாதபோதே செய்தார். கொல்விட்ஸின் கண்ணீர் அவரிடம் இல்லை. அதை எதிர்பார்ப்பதும் சரியில்லை. மகனைப் பறிகொடுத்தவரின் இடத்தில் நின்று அவர் பேச முயலவில்லை.

"செ லா கேர்!" தொகுதியே அவருடைய கடைசி மரச்செதுக்குத் தொடர் ஆயிற்று. 1925 டிசம்பர் 29 அன்று, அறுபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், பாரிசில் இறந்தார்.

1917 பயணத்திலிருந்து வந்த ஓவியங்களில் ஒன்று ஷாலோன் இராணுவக் கல்லறையைக் காட்டுகிறது. சிலுவைகள் வரிசை வரிசையாக, கண் எட்டும் தூரம் வரை, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. பகல் வெளிச்சம். ஒரு மூலையையும் அவர் இருட்டில் விடவில்லை.